ஒன்பதாம் எண் கூண்டு: காலநிலை ஆபத்தைச் சொல்லும் விதம் பற்றிச் சில ஐயங்கள்



இந்த உரைக்கு என்ன தலைப்பு என்று கேட்டு, இதை ஏற்பாடு செய்த அறக்கட்டளையிலிருந்து மூன்று முறை தொலைபேசி வந்தது. 'காலநிலை மாற்றமும் நாமும்' என்று போட்டுவிடுங்கள், யாருக்கும் தொந்தரவிருக்காது என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். அந்தத் தலைப்பில் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை. முப்பத்தொரு வருடம் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதி அனுப்பியதை வெட்டி, ஒட்டி, தலைப்புப் போட்டவன். ஒரு வாக்கியத்திலிருந்து எந்தச் சொல்லை உருவினால் அது முதல் பக்கத்துக்கு ஏறும் என்பது அங்கே கற்ற வித்தை. பெரும்பாலும் உருவப்படும் சொல் 'கூடும்'.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் கேள்வி நேரம் முழுவதும் அதிலேயே போய்விடும். பூமி சூடாகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட்டால், 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டின் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடுதல். நாம் எரித்த நிலக்கரியும் எண்ணெயும் அதற்கு முதன்மைக் காரணம். இதில் எனக்கு ஐயம் கிடையாது. என் ஐயம் எல்லாம் இதை நமக்குச் சொல்கிறவர்களின் வாய்மீதுதான். அந்த வாய்களில் என்னுடையதும் ஒன்று.

கடலூரிலிருந்து தொடங்குகிறேன். தொண்ணூறுகளில் ஒரு நவம்பர். துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு பற்றி ஒரு துணுக்குச் செய்தி வேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஊழியர் ஒருவர் கம்பத்தடியில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எட்டாம் எண்ணுக்கும் ஒன்பதாம் எண்ணுக்கும் காற்றின் வேகத்தில் எவ்வளவு வித்தியாசம் ஐயா என்று கேட்டேன்.

"காத்துல ஒண்ணும் வித்தியாசம் இல்ல தம்பி. எட்டுன்னா பெரும்புயல் நம்ம துறைமுகத்தை ஒரு பக்கமா விட்டுட்டுப் போகும். ஒம்பதுன்னா இன்னொரு பக்கமா விட்டுட்டுப் போகும். பத்துன்னா நேரா நம்ம தலைமேல."

"அப்ப, எட்டிலிருந்து ஒன்பதாக உயர்ந்ததுன்னு நாங்க பேப்பர்ல போடுறோமே?"

"போடுறீங்க" என்றார். "கப்பக்காரன் உங்க பேப்பரப் பாத்துட்டா கப்பல் ஓட்டுறான்?"

வானிலை ஆய்வு மையத்தின் துறைமுக எச்சரிக்கைப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஒரே தரத்துப் புயலுக்கு. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் அதற்கு மேற்பட்ட தரத்துக்கு. அந்த மும்மூன்றுக்குள் எண் சொல்வது பலத்தை அன்று, பாதையை. கப்பல் தலைவனுக்கு அது தெரியும். கப்பலைத் திருப்ப வேண்டிய திசையும் அதிலிருந்தே தெரிந்துவிடும். அதே கூண்டு தேநீர்க் கடைக்கு வரும்போது காய்ச்சல் மானி ஆகிவிடுகிறது. எட்டு என்றால் கவலை, ஒன்பது என்றால் பெருங்கவலை. இந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர்கள் நாங்கள், பத்திரிகைக்காரர்கள். உண்மை தெரிந்த பிறகும் அடுத்த புயலுக்கு என் டெஸ்க்கிலிருந்து 'ஒன்பதாக உயர்வு' என்றே தலைப்புப் போனது. தலைமைத் துணை ஆசிரியரிடம் சொன்னேன். வாசகனைக் குழப்பாதே என்றார்.

துறைமுகக் கூண்டால் பெரிய சேதம் ஒன்றும் இல்லை. இதே காரியம் உலக அளவில் நடந்தபோது வந்த சேதம் வேறு.

2007இல் காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி. தன் நான்காவது மதிப்பீட்டு அறிக்கையை வெளியிட்டது. அந்த ஆண்டு நோபல் அமைதிப் பரிசை அல் கோரும் அந்தக் குழுவும் பகிர்ந்துகொண்டார்கள். அறிக்கையின் இரண்டாம் பகுதியில், ஆசியாவைப் பற்றிய பத்தாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி. இமயமலைப் பனியாறுகள் 2035க்குள், ஒருவேளை அதற்கும் முன்பே, மறைந்துவிடும் வாய்ப்பு மிக அதிகம் என்று அது சொன்னது. அந்தக் குழுவின் அகராதியில் அந்த மாதிரிச் சொற்களுக்கு அளவு உண்டு. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாய்ப்பு என்று பொருள். எனக்கு அந்த அகராதியைப் பற்றி எதுவும் தெரியாது. '2035இல் இமயத்தில் பனி இருக்காது' என்று தலைப்புப் போட்டேன். கீழே கங்கை வறண்டுபோகும் என்று ஒரு துணைத்தலைப்பு. நல்ல தலைப்பு என்று ஆசிரியர் பாராட்டினார்.

2035 எங்கிருந்து வந்தது? அறிக்கை காட்டிய ஆதாரம், உலக இயற்கை நிதியம் 2005இல் வெளியிட்ட ஒரு பிரசுரம். அந்தப் பிரசுரத்துக்கு ஆதாரம் 1999இல் நியூ சயின்டிஸ்ட் இதழில் வந்த ஒரு செய்தி. அந்தச் செய்திக்கு ஆதாரம் இந்தியப் பனியாற்று ஆய்வாளர் சையத் ஹஸ்னைன் நிருபரிடம் பேசியது. அது ஆய்வு முடிவல்ல, ஊகம் என்று அவரே பின்னால் சொன்னார். இதற்கெல்லாம் முன்பு, 1996இல் ரஷ்ய அறிஞர் கோட்லியாகோவ் யுனெஸ்கோ வெளியீடு ஒன்றில் ஒரு கணக்குப் போட்டிருந்தார். துருவங்கள் நீங்கலாக உலகப் பனியாறுகளின் பரப்பு 5 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து 1 லட்சமாகச் சுருங்கும் என்றார். ஆண்டு, 2350. ஐ.பி.சி.சி. பத்தியிலும் அதே 5 லட்சமும் 1 லட்சமும் வருகின்றன. ஆனால் உலகம் முழுவதற்குமானது இமயமலைக்கு மட்டும் என்று ஆகி, 2350 என்பது 2035 ஆகியிருக்கிறது. இலக்கம் இடம் மாறியதால் வந்த பிழை இது என்று கருதப்படுகிறது. பாருங்கள், 'கருதப்படுகிறது' என்ற சொல்லை இங்கும் உருவிவிடத்தான் கை போனது.

இந்தப் பாதையைத் தேடிப் பிடித்தவர்களில் முக்கியமானவர் கனடாவின் டிரென்ட் பல்கலைக்கழகப் பனியியலாளர் கிரஹாம் காக்லி. அவருக்கு முன்பே இங்கே ஒரு கலகம் நடந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வி.கே. ரெய்னா 2009 நவம்பரில் ஓர் ஆய்வுக் குறிப்பை எழுதினார். இமயப் பனியாறுகள் அப்படித் திடுதிப்பென்று மறைவதற்குச் சான்று இல்லை என்றார். அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை வெளியிட்டார். ஐ.பி.சி.சி. தலைவர் ராஜேந்திர பச்சௌரிக்குக் கோபம் வந்தது. மாந்திரீக விஞ்ஞானம் என்றார். இரண்டு மாதம் ஆனது. 2010 ஜனவரி 20 அன்று அந்தக் குழுவே வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டது.

ஏறத்தாழ மூவாயிரம் பக்க அறிக்கையில் ஒரு பத்தி தப்பாவது பெரிய அதிசயமில்லை. அந்தப் பத்தி எங்கள் மேசையைத் தாண்டிப் போன விதம்தான் எனக்கு இன்னமும் உறுத்துகிறது. நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுள்ள பனி, உறைநிலைக்குக் கீழே கிடக்கும் உயரங்களில் இருப்பது, இருபத்தெட்டே வருடத்தில் எப்படிக் கரைந்து தீரும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. விலைவாசி பற்றிய ஒரு புள்ளிவிவரம் இப்படி வந்திருந்தால் இரண்டு பேருக்காவது தொலைபேசி போட்டிருப்போம். இது நல்ல காரியத்துக்கான செய்தி. நல்ல காரியத்துக்கான செய்தியை யாரும் உரசிப் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் நிஜமே போதுமான அளவு மோசம். காத்மாண்டுவில் இயங்கும் ஈசிமோட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்திவிட்டாலும் இந்துகுஷ் இமயப் பகுதிப் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு இந்த நூற்றாண்டு முடிவதற்குள் போய்விடும். இப்போதைய போக்கிலேயே போனால் மூன்றில் இரண்டு பங்கு. சிந்து நதி உருகும் பனியை நம்பி ஓடுவது. கங்கைக்குப் பெரும்பங்கு பருவமழை. ஆகவே நான் போட்ட துணைத்தலைப்பும் தப்பு. திருத்தம் போட்டோமா என்று கேட்பீர்கள். போட்டோம். 2010 பிப்ரவரியில், ஏழாம் பக்கத்தில், ஒரு பட்டுப்புடவை விளம்பரத்துக்குக் கீழே, ஆறு வரி.

காலநிலை மாற்றத்தையே சந்தேகிக்கும் ஐயவாதிகள் இந்த 2035ஐ விடவே இல்லை. பத்து வருடம் கழித்தும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லட்டும். கொடுத்தவர்கள் நாம்தானே.

அகராதி என்றேன். நம் வானிலை அறிக்கையிலும் ஓர் அகராதி உண்டு. 'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்று கேட்டவுடன் சிரிக்கிறோம். எந்த ஓரிரு இடம், எங்கள் தெருவா என்று. அந்தச் சொல்லுக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவானால் ஓரிரு இடம். பாதி வரை போனால் ஒருசில இடம். முக்கால் வரை அநேக இடம். அதற்கு மேல் பெரும்பாலான இடம். எவ்வளவு நேர்த்தியான தமிழ்! இந்த அரங்கில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கை தூக்கச் சொல்லப்போவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு வரை எனக்கே தெரியாது.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் புடெஸ்குவும் அவர் சகாக்களும் 2009இல் இதையே சோதித்தார்கள். ஐ.பி.சி.சி. வாக்கியங்களைப் பொதுமக்களிடம் கொடுத்து, 'மிகவும் சாத்தியம்' என்ற சொல்லுக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். விஞ்ஞானிகள் கருதியது தொண்ணூறுக்கு மேல். மக்கள் அதைவிட வெகு கீழான எண்ணைச் சொன்னார்கள். சொல்லுக்குப் பக்கத்திலேயே எண்ணையும் எழுதிக் கொடுத்தபோது இடைவெளி குறைந்தது. கவனிக்க வேண்டியது, இங்கே தவறு எதிர்ப்பக்கம். பத்திரிகை மிகைப்படுத்துகிறது, வாசகர் குறைத்துக்கொள்கிறார். வெகுநாள் மிகையைக் கேட்ட காது தானாகவே தள்ளுபடி போட்டுக் கேட்கப் பழகியிருக்கலாம். இது என் ஊகம். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

2018 அக்டோபரில் தென்கொரியாவின் இஞ்சியோனில் ஐ.பி.சி.சி.யின் 1.5 டிகிரி பற்றிய சிறப்பு அறிக்கை வந்தது. வெப்ப உயர்வை அந்த அளவில் நிறுத்த, உலகக் கரியமில வாயு வெளியேற்றம் 2010ஆம் ஆண்டு அளவிலிருந்து 2030க்குள் சுமார் 45 விழுக்காடு குறைய வேண்டும் என்றது. மறுநாள் உலகமெங்கும் தலைப்பு: இன்னும் 12 ஆண்டுகளே. ஒரு பாதைக்கான கணக்கு, ஒரு வெடிகுண்டின் கடிகாரம் ஆயிற்று. அந்த அறிக்கையை எழுதியவர்களில் ஒருவரான ஆக்ஸ்போர்டின் மைல்ஸ் ஆலனே 2019இல் இதைக் கண்டித்து எழுதினார். 2030இல் வாசலில் வந்து நிற்கப்போகும் பிரளயம் ஒன்றும் இல்லை, வெப்பம் கூடக் கூட ஆபத்தும் கூடுவதுதான் விஷயம் என்ற கருத்தில். யாரும் அதை முதல் பக்கத்தில் போடவில்லை. 2031 ஜனவரி முதல் தேதி காலை காப்பி குடித்துக்கொண்டே ஒரு பையன் 'ஒன்றும் ஆகவில்லையே' என்று கேட்பான். அவனுக்கு என்ன பதில்?

உலக வானிலை அமைப்பு 2021இல் ஐம்பது ஆண்டுக் கணக்கு ஒன்றை வெளியிட்டது. 1970க்கும் 2019க்கும் இடையில் பதிவான வானிலைப் பேரிடர்கள் ஐந்து மடங்கு ஆயின. அதே காலத்தில் அவற்றால் நேர்ந்த சாவு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. அந்த ஐந்து மடங்கில் ஒரு பங்கு, முன்பு எண்ணப்படாதவை இப்போது எண்ணப்படுவதால் வந்தது. செய்திகளில் ஐந்து மடங்கு மேலே ஏறியது. மூன்றில் ஒன்று கீழே, பல இடங்களில் பக்கத்துக்கே வெளியே.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. அந்த வாரம் பாரிஸில் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தது. சென்னை மூழ்கிய படங்கள் அங்கே போய்ச் சேர, உலகப் பத்திரிகைகள் இதோ காலநிலை மாற்றம் என்றன. நானும் அப்படித்தான் தலைப்புப் போட்டேன். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற ராத்திரி அது, நம்புவது சுலபமாக இருந்தது. அடுத்த ஆண்டு, இத்தகைய நிகழ்வுகளில் புவி வெப்பத்தின் பங்கை அளப்பதையே வேலையாக வைத்திருக்கும் ஒரு குழு சென்னை மழையை ஆராய்ந்தது. கீர்த் வான் ஓல்டன்போர்க், ஃப்ரீடரிகே ஓட்டோ முதலியோர். புவி வெப்பத்தின் குறிப்பிடத்தக்க பங்கு அந்த மழையில் தங்களுக்குத் தென்படவில்லை என்று எழுதினார்கள். இவர்கள் ஐயவாதிகள் அல்லர். வேறு பல இடங்களில் 'ஆம், பங்கு உண்டு' என்று நிறுவியவர்கள். அதனால்தான் அவர்களுடைய 'இல்லை'க்கு மதிப்பு.

அந்தப் பெருமழை யாருக்கு வசதியாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். காலநிலை மாற்றம் என்று சொல்லிவிட்டால் குற்றவாளி வானத்தில் இருக்கிறான். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தது யார், எப்போது, ஏன் அவ்வளவு தாமதமாக, ஏன் அவ்வளவு மொத்தமாக என்று யாரும் கேட்க வேண்டாம். 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை இதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது. ஏரியில் வீடு கட்டியவனும், கட்ட அனுமதி கொடுத்தவனும், கால்வாயைத் தூர்த்தவனும் காலநிலை மாற்றத்தின் மீது திடீரென்று பக்தி கொண்ட காலம் அது. ஆபத்தைப் பெரிதாக்கிச் சொல்வதில் இப்படி ஒரு லாபம் இருக்கிறது என்பதை ஐயவாதிகள் சொல்லும்போது நாம் காது கொடுக்க வேண்டும். சூழலியல் நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

அதற்காக ஐயவாதிகளுக்கு நான் நற்சான்று கொடுக்க வரவில்லை. 1998 பெரும் எல் நினோ ஆண்டு. அந்த வருடம் வெப்பம் வழக்கத்துக்கு மேல் துள்ளியது. அந்த உச்சியில் அளவுகோலை ஊன்றிக்கொண்டு, '1998க்குப் பிறகு பூமி சூடாகவே இல்லை' என்று பல வருடம் பேசினார்கள். 2005உம் 2010உம் அதைத் தாண்டின. 2016 வெகுவாகத் தாண்டியது. அப்புறம் அந்தப் பேச்சே காணோம். திருத்தம் மட்டும் யாரும் வெளியிடவில்லை. ஏழாம் பக்கத்தில்கூட. அடுத்தவர் வாக்கியத்தில் 'கூடும்' எங்கே என்று தேடுகிறவர் தன் வாக்கியத்தையும் ஒரு தரம் தடவிப் பார்க்க வேண்டாமா?

பயமுறுத்தாவிட்டால் யார் கேட்பார்கள் என்பது நியாயமான கேள்வி. காலநிலை விஞ்ஞானி ஸ்டீஃபன் ஷ்னைடர் 1989இலேயே இந்தத் தர்மசங்கடத்தை வெளிப்படையாகப் பேசினார்: விஞ்ஞானியாக எல்லா ஐயங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, மனிதனாக ஊரை உலுக்க வேண்டியும் இருக்கிறது என்று. அவர் பேச்சின் ஒரு பாதியை மட்டும் வெட்டிக் காட்டிப் பலர் அவரைத் திட்டினார்கள். அதுவும் டெஸ்க் வேலைதான்.

எனக்குக் கிடைத்த பதில் ஒடிசாவிலிருந்து வந்தது. 1999 பெரும்புயலில் அங்கே சுமார் பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையேறியது. அதற்கு முன்பு வெளிநாட்டு வானிலையாளர்கள் சிலர் இது 1999 அளவுக்கான புயல், இந்திய வானிலைத் துறை குறைத்துச் சொல்கிறது என்று உரக்கக் கண்டித்தார்கள். துறை தன் கணிப்பை மாற்றவில்லை. காற்று மணிக்கு இருநூறு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், இந்த இடத்தில், இந்த மாலையில் என்றது. ஏறத்தாழ அப்படியே ஆயிற்று. ஒடிசா அரசும் சேர்ந்து பத்து லட்சம் பேர் அளவுக்குக் கரையிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். சாவு சில பத்துகளில் நின்றது. அந்த எச்சரிக்கையில் பிரளயம் என்ற சொல் இல்லை. எந்தக் கிராமம், எந்தக் காப்பகம், எத்தனை மணிக்குள் என்பது இருந்தது.

கடலூர்ப் பெரியவரிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். பட்டியலில் பதினோராம் எண் என்று ஒன்று இருந்தது. பத்துதானே தலைக்கு மேல். அதற்கும் மேலே என்ன?

"பதினொண்ணுன்னா வானிலை ஆபீசோட தொடர்பு அறுந்துபோச்சுன்னு அர்த்தம். என்ன வருதுன்னு எங்களுக்கே தெரியல, நீ உன் புத்திக்கு எட்டினபடி பாத்துக்கன்னு கப்பலுக்குச் சொல்றது." கயிற்றை முடிந்துவிட்டு எழுந்தார். "அதையும் கம்பத்துல ஏத்தித்தான் சொல்லணும், தெரியுமா? சும்மா இருந்துடக் கூடாது."

இதை அன்றைய துணுக்கில் எழுதியிருந்தேன். இடம் போதவில்லை என்று கடைசிப் பத்தியை வெட்டிவிட்டார்கள்.

போன வருடம் பேத்தி ஒரு பொது அறிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எந்தப் பதிப்பகம் என்று சொல்ல மாட்டேன். வினாடி வினாப் போட்டிக்குத் தயாராகிறாளாம். "தாத்தா, நீங்க கேளுங்க, நான் சொல்றேன்" என்றாள். சுற்றுச்சூழல் என்ற பகுதியில் பதினான்காவது கேள்வி: இமயமலைப் பனியாறுகள் முற்றிலும் மறையும் ஆண்டு எது? நான்கு விடைகள். அவள் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஆ. 2035."

விடைப்பக்கத்தைப் புரட்டினேன். அதே விடைதான் போட்டிருந்தது. மதிப்பெண் கொடுக்கிறீர்களா இல்லையா என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.